நினைவைக் காத்த நாவலர்

போரில் சிதைந்த நாடு பாலங்களையும் இருப்புப்பாதைகளையும் மீண்டும் அமைக்கிறது. அவற்றோடு தன் நினைவையும் அது புதிதாக அமைத்துக்கொள்கிறது. போர் எதற்காக நடந்தது, யார் போற்றத்தக்கவர் என்னும் வினாக்களுக்கு அந்நினைவே விடை தருகிறது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் அவ்விடை பொய்யாகிவிடாமல் காக்கப் போராடியவர் பிரெடரிக் டக்ளஸ்.

டக்ளஸ் 1818ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். தாம் பிறந்த நாள் எதுவென்று அவர் வாழ்நாள் முழுவதும் அறிந்ததில்லை. அவருடைய தாய் வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் ஏறத்தாழ 12 மைல் நடந்து வந்து மகனை உறங்கவைப்பார், விடியுமுன் திரும்பிவிடுவார். அவரும் டக்ளஸுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே மறைந்தார்.

பின்னர் பால்டிமோர் நகரிலுள்ள ஒரு வீட்டிற்கு டக்ளஸ் அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்தறிவித்தார். படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் எனக் கூறிக் கணவர் அதனைத் தடுத்தார். விடுதலைக்கான வழி கல்வியே என்பதை அத்தடையிலிருந்தே சிறுவன் உணர்ந்துகொண்டான். தெருவில் விளையாடிய ஏழை வெள்ளையினச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொண்டான்.

1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமியின் உடையணிந்து தொடர்வண்டியேறித் தப்பினார் டக்ளஸ். அடிமைத்தனத்தின் கொடுமைகளை மேடைகளில் எடுத்துரைத்தார். இத்துணை நாவன்மை உடையவர் அடிமையாக இருந்திருப்பாரா எனச் சிலர் ஐயுற்றனர். ஊரையும் உரிமையாளரையும் பெயர் குறித்து 1845இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதனால் மீண்டும் பிடிபடும் ஆபத்து நேர்ந்தது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி அவரது விடுதலையைப் பெற்றுத் தந்தனர். நாடு திரும்பியவர் 1847இல் ராச்செஸ்டர் நகரில் செய்தித்தாள் தொடங்கினார். தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டிய துருவ விண்மீனின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமைகளின் விடுதலையே போரின் நோக்கமாக வேண்டும் என்று டக்ளஸ் வலியுறுத்தினார். கறுப்பின இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டினார்; தம் மைந்தர் இருவரையும் அனுப்பினார். கறுப்பின வீரருக்குக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனை நேரில் கண்டு முறையிட்டார்.

போர் 1865இல் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. கறுப்பின மக்கள் குடியுரிமை பெற்றனர். ஆடவர் வாக்குரிமையும் பெற்றனர். ஆனால் தோற்ற தென்மாநிலங்களில் வேறொரு கதை பரவலாயிற்று. போர் அடிமைத்தனத்திற்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காகவே நடந்தது என்றது அக்கதை. போரால் களைத்த வடக்கு, உடன்பாட்டை விரும்பி அதற்குச் செவிசாய்த்தது. இரு சாராரும் கைகுலுக்கிய வேளையில், விடுதலை பெற்றவரின் உரிமை மறக்கப்பட்டது.

டக்ளஸ் இம்மறதியை எதிர்த்தார். 1871இல் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் உரையாற்றியபோது, வீரம் இரு பக்கமும் இருந்ததை அவர் மறுக்கவில்லை. எனினும், நாட்டைக் காக்கப் போரிட்டவரையும் அடிமைத்தனத்தை நிலைநிறுத்தப் போரிட்டவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்றார்.

1876 ஏப்ரல் 14ஆம் நாள் வாஷிங்டனில் லிங்கனுக்கு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. விடுதலை பெற்ற மக்களின் நன்கொடையால் எழுந்த சின்னம் அது. சார்லட் ஸ்காட் என்னும் பெண்மணி தந்த 5 டாலரே முதல் கொடை. விழாவில் பேசிய டக்ளஸ் வெறும் புகழுரை வழங்கவில்லை. லிங்கனுக்கு வெள்ளையர் நலனே முதன்மையாக இருந்ததையும், விடுதலை காலந்தாழ்ந்து வந்ததையும் வெளிப்படையாகச் சுட்டினார். நாட்டின் அன்றைய மனநிலையோடு ஒப்பிட்டால் லிங்கன் விரைவும் உறுதியும் உடையவரே என்றும் நடுநிலையோடு கூறினார்.

அச்சிலையில் லிங்கன் நிற்க, கறுப்பின மனிதர் ஒருவர் அவர் காலடியில் மண்டியிட்டிருந்தார். அது முழு உண்மையைக் காட்டவில்லை எனச் சில நாள்களில் டக்ளஸ் செய்தித்தாளுக்கு எழுதினார். கறுப்பின மனிதர் நிமிர்ந்து நிற்கும் சிலையொன்றைத் தாம் இறக்குமுன் காண விழைந்தார்.

மறு ஆண்டே தென்மாநிலங்களில் கூட்டரசுப் படையின் பாதுகாப்பு விலக்கப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமைகள் படிப்படியாகப் பறிக்கப்பட்டன. டக்ளஸ் உயர் பதவிகளை வகித்தபோதும் வாய்மூடி இருக்கவில்லை. கும்பல் கொலைகளைக் கண்டித்தார். பெண்களின் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தார். 1895 பிப்ரவரி 20ஆம் நாள் பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பியவர், அன்று மாலையே காலமானார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், ராச்செஸ்டரில் அவருக்கே வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. அதில் அவர் நிமிர்ந்து நிற்கிறார்.