சத்திரத்தில் வளர்ந்த பிள்ளைகள்
தஞ்சை மன்னர் சரபோஜியின் வாழ்க்கையில் ஒரு பகுதி

மன்னார்குடிக்கு மேற்கே உள்ள ஊர் ஒரத்தநாடு. அங்கே மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. 1802-ம் ஆண்டில் எழுந்த கட்டிடம் அது. அந்தக் காலத்தில் தஞ்சையிலிருந்து ராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு இப்படிப்பட்ட சத்திரங்களே சோறும் நிழலும் தந்தன.

சோறு போடுவதுதானே சத்திரத்தின் வேலை? தஞ்சைச் சத்திரங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இருந்தது. வழியில் தாய் தகப்பனை இழந்து நின்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் வேலை! அந்த வேலையின் அருமை மன்னர் சரபோஜிக்கு நன்றாகத் தெரியும். ஏனெனில், அவரும் பிறர் கையில் வளர்ந்த பிள்ளையே.

ஒன்பது வயதில் தத்து

சரபோஜி பிறந்தது 1777-ல். போன்ஸ்லே வம்சத்தின் ஒரு கிளைக் குடும்பத்துப் பிள்ளை. தஞ்சை மன்னர் துளஜாவுக்கு அப்போது வாரிசு இல்லை. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், உடலும் நலிந்திருந்தது. 1787 ஜனவரியில் அவர் சரபோஜியைத் தத்து எடுத்துக் கொண்டார். பையனுக்கு அப்போது வயது ஒன்பது.

தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்பது துளஜாவுக்குத் தெரியும். இந்தக் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது? அரண்மனை முழுவதும் உறவினர்கள் இருந்தார்கள். ஆனால் மன்னரின் மனம் நாடியது ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரை. அவர்தான் சுவார்ட்ஸ்.

சுவார்ட்ஸ் ஜெர்மனியில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். மணம் செய்து கொள்ளவில்லை. தமிழ் நன்றாகப் பேசுவார். ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் உணவுப் பஞ்சம் வந்தது. முன்பு நெல்லும் மாடும் கொடுத்து, பணம் கிடைக்காமல் ஏமாந்திருந்த குடியானவர்கள் மறுபடியும் கொடுக்க மறுத்தார்கள். சுவார்ட்ஸ் தாமே பொறுப்பு ஏற்றுச் சொன்ன பிறகு ஆயிரம் மாடுகள் வந்தன; எண்பதாயிரம் கலம் நெல்லும் வந்து சேர்ந்தது! சர்க்காரை நம்பாத ஜனங்கள் அவர் சொல்லை நம்பினார்கள்.

மறுத்தார் பாதிரியார்

துளஜா அவரை அழைத்து, பிள்ளையைக் காட்டி, இனி அவன் அவருடைய பிள்ளை என்றார். சுவார்ட்ஸ் உடனே சம்மதிக்கவில்லை. அரண்மனைக்கு எப்போதோ வந்து போகும் தம்மால், போட்டியும் பொறாமையும் நிறைந்த இடத்தில் ஒரு குழந்தையை எப்படிக் காப்பாற்ற முடியும் என்று யோசித்தார். மன்னரின் சகோதரர் அமர்சிங் பொறுப்பேற்பதே நல்லது என்று யோசனை சொன்னார். பிள்ளையைத் தம் மகன்போல் பார்த்துக் கொள்வதாக அமர்சிங்கும் வாக்குக் கொடுத்தார்.

யோசனை நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அது தவறாகவே முடிந்தது.

துளஜா அதே 1787-ல் காலமானார். தத்து செல்லுமா, செல்லாதா என்ற வழக்கு எழுந்தது. தஞ்சைப் பண்டிதர்கள் செல்லாது என்றனர். கும்பினியார் அமர்சிங்கையே மன்னராக்கினார்கள். சரபோஜியின் கதி என்ன? அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். வெளியே உலவ விடவில்லை. முறையான படிப்பும் கிடைக்கவில்லை. வளர்க்க வேண்டியவருக்கே அந்தப் பிள்ளை போட்டியாகிவிட்டான்!

பிராயச்சித்தம்

சுவார்ட்ஸின் மனம் பதைத்தது. சென்னைக் கவர்னருக்கு விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக எழுதினார். கடைசியில் கும்பினி சர்க்கார் இளவரசனைப் பேணும் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. ஒரு காலத்தில் மறுத்த பொறுப்பை இந்த முறை மறுக்காமல் ஏற்றார். அவருக்கு வயது அப்போது அறுபதுக்கு மேல்.

தஞ்சையில் இருப்பது ஆபத்து என்று கண்டு, 1793-ல் சரபோஜியையும் துளஜாவின் விதவை ராணிகளையும் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கெரிக்கே என்ற பாதிரியார் பாடம் சொல்லித் தந்தார். தத்து பற்றிய வழக்கும் மீண்டும் கிளம்பியது. காசிப் பண்டிதர்கள் தத்து செல்லும் என்றார்கள். 1798 ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார்.

அந்தக் காட்சியைக் காண வளர்த்தவர் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரியில், சுவார்ட்ஸ் கண்ணை மூடிவிட்டார். இளவரசர் வந்து உடலைப் பார்த்துக் கதறி அழுதார். தம் கைப்படவே ஆங்கிலத்தில் இரங்கற்பா எழுதிக் கல்லறையில் பொறித்தார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு சலவைக்கல் சிற்பமும் செய்வித்தார். சாகக் கிடக்கும் பாதிரியாரின் கையை இளவரசர் பிடித்திருக்கும் அந்தச் சிற்பத்தைத் தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள மாதாகோவிலில் காணலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். தந்தையாக மதித்தவரின் மதத்தில் அவர் சேரவில்லை. அதனால் அந்த அன்பு குறையவும் இல்லை.

பட்ட கடனைத் தீர்த்த விதம்

பட்டம் கிடைத்ததே தவிர, ராஜ்யம் நிலைக்கவில்லை. 1799 உடன்படிக்கையில் நாடு கும்பினியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும்தான் மிச்சம். சத்திரங்களுக்கு விட்ட கிராமங்களும் போய்விடுமோ என்ற பயம் வந்தது. 1801-ல் சரபோஜி ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை மட்டும் தம்மிடம் விட்டுவிட வேண்டும் என்று மன்றாடினார்.

சத்திரத்தில் என்ன நடக்கிறது என்பதை அதில் விவரமாக எழுதியிருக்கிறார். அநாதைப் பிள்ளைகள் உபாத்தியாயரின் பொறுப்பில் விடப்பட்டார்கள். தினம் மூன்று வேளை சாப்பாடு. நான்கு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல். துணிமணி; நோய் வந்தால் மருந்து. எந்தக் கலையில் ஆசையோ, அந்தக் கலையில் படிப்பு. படித்து முடித்ததும் கல்யாணச் செலவும் சத்திரத்தைச் சேர்ந்தது! பெற்றவர்கள் செய்வதில் இதற்குமேல் என்ன பாக்கி?

ஒரத்தநாட்டை அடுத்த கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவக் குழந்தைகள் 50 பேரையும் அவர் ஆதரித்து வந்தார். தம்மை வளர்த்தவருக்குச் செய்த கைம்மாறு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

சரஸ்வதி மகால் நூல் நிலையம், தன்வந்திரி மகால் வைத்தியசாலை, 1805-ல் அமைத்த அச்சுக்கூடம் என்று அவர் புகழைச் சொல்ல எத்தனையோ உண்டு. 1832-ல் அவர் மறைந்தார்.

இன்றைய சட்டம்

பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தையை, தத்துக் கொடுக்காமலே, வேறொரு குடும்பத்தில் வளர்க்க 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி செய்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு குடும்பத்தை ஆராய்ந்துதான் குழந்தையை ஒப்படைக்கும். பிறகு மாதந்தோறும் குழந்தையின் நலத்தைப் பார்வையிட வேண்டும்.

எதற்கு இத்தனை சோதனை என்று சிலருக்குத் தோன்றலாம். சிறுவன் சரபோஜியை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அவனுக்காக வாக்குக் கொடுத்தவர் சொந்தச் சிற்றப்பாதான். வாக்கோடு விட்டுவிட்டதால் ஐந்தாறு வருஷம் போயிற்று. திரும்ப வந்து பார்க்க ஒருவர் இருந்ததால் பிள்ளை பிழைத்தான்.