இராவ் பகதூர் எம். சி. ராஜா

அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் சங்கத்து இளைஞர் பலரும் நன்கு கற்றுள்ளனர். அவர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அடியெடுத்து வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களுக்காக எழுந்து நின்று பேசிய ஒரு பள்ளி ஆசிரியரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் மயிலை சின்னத்தம்பி ராஜா.

அன்னார் 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியப் பணி ஏற்றார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். இரட்டை ஆட்சி முறையில் 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் நீதிக்கட்சி சார்பில் இடம் பெற்றார்.

அந்நாளில் அரசுப் பதிவேடுகள் நம்மைப் பஞ்சமர் என்றும், அதனினும் இழிவாகக் கருதப்பட்ட பெயர்களாலும் குறித்து வந்தன. பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயர்க்கு நேரே எழுதப்படும் சொல் அவனை எவ்வளவு கூனச் செய்யும் என்பதை எம்போன்ற ஆசிரியர் அறிவர், ராஜாவும் அறிந்திருந்தார். அப்பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்றே வழங்க வேண்டுமென அவர் கொணர்ந்த தீர்மானம் 1922இல் நிறைவேறியது, அரசாணையும் பிறந்தது.

ஆயினும், 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் மக்கள் தாக்குண்டனர். கட்சித் தலைவர்கள் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1923இல் ராஜா நீதிக்கட்சியை விட்டு விலகினார். பதவியைக் காட்டிலும் சேரி பெரிதென்று கருதிய செயல் இது என்பது எம் துணிபு.

பின்னர்த் தில்லி மத்திய சட்டசபையில் பத்தாண்டுகள் உறுப்பினராயிருந்தார். 1932இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். தனித் தொகுதி கேட்ட அம்பேத்கரின் வழியும் அவர் வழியும் ஆங்கே பிரிந்தன. அதனை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது.

1937இல் இடைக்கால அமைச்சரவையில் வளர்ச்சித் துறை அமைச்சராகச் சில திங்கள் இருந்தார். அவர்தம் வாழ்வின் பெரும் போராட்டம் அதற்குப் பின்னரே நிகழ்ந்தது. பொதுக் கிணறு, சாலை, ஊர்தி ஆகியவற்றில் நம்மைத் தடுப்பதைச் சட்ட விரோதமாக்கும் மசோதாவை 1938இல் கொணர்ந்தார், அது சட்டமாயிற்று. அதே ஆண்டில் ஆலய நுழைவு மசோதாவையும் முன்வைத்தார். முதலமைச்சர் இராஜாஜி அதனைத் திரும்பப் பெறுமாறு கேட்டார். ராஜா இணங்கவில்லை. வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு நம்மவரான உறுப்பினருட் பலரும் எதிராகவே வாக்களித்தனர்! கூட்டுத் தொகுதியில் நம்பிக்கை வைத்த அவருக்கு அந்நாள் எத்துணைக் கசந்திருக்கும்!

1943 ஆகஸ்டுத் திங்களில் ராஜா மறைந்தார். மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. இன்று நம் பிள்ளைகள் செங்கம் சாலை வழியே கிரிவலம் வந்து, அருணாசலேசுவரர் ஆலயத்து இராச கோபுர வாயிலை எவரையும் கேளாமல் கடந்து செல்கின்றனர்.