கருவூலத்தை நீராக்கிய சி. சுப்பிரமணியம்

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு அரசின் செலவு எங்ஙனம் துணை நிற்கிறது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காங்கேயம் வட்டாரத்துக் கால்வாய்க் கரையில் நின்று நோக்கினாலே போதும். அக்கால்வாயில் நீர் பாயக் காரணமாயிருந்தோருள் முதன்மையானவர் சி. சுப்பிரமணியம் ஆவார்.

பிறப்பும் பொதுவாழ்வும்

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில், உழவர் குடியில், 1910 சனவரி 30ஆம் நாள் இவர் பிறந்தார். சென்னையில் பயின்று சட்டப் பட்டம் பெற்றார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராய் அமர்ந்தார். 1952இல் சென்னை மாநிலத்தின் நிதியமைச்சரானார். 1954இல் காங்கிரசுச் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் காமராசரிடம் தோற்றார். எனினும், வென்றவர் தோற்றவரையே தம் நிதியமைச்சராக அமர்த்திக்கொண்டார். அப்பெருந்தன்மையின் பயனைக் கொங்கு நாடு இன்றும் நுகர்கிறது.

மேற்கு நீர் கிழக்கே

காங்கேயம் மழை மறைவு நிலம். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடும் ஆழ்ந்த கிணறும் காளைகளுமே இங்குள்ள உழவரின் செல்வம். ஆனைமலையிலோ பெருமழை பொழிந்து, ஆறுகள் மேற்கே ஓடிக் கடலில் கலந்தன. அந்நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து, திருமூர்த்தி அணைக்குக் கொணர்வதே பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். இதனைத் தனியார் எவரும் மேற்கொண்டிரார். செலவு பெரிது, பயன் பல்லாண்டு கழித்தே கிட்டும், அதுவும் ஒருவர் கையில் சேராமல் பல்லாயிரம் உழவரிடம் பரவும். இத்தகைய பணிக்கே பொதுப்பணம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1958இல் கேரளத்துடன் உடன்பாடு காணப்பட்டது. 1961இல் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

பசுமைப் புரட்சி

மத்திய உணவு அமைச்சரானபோதும் இவர் இந்நெறியையே கைக்கொண்டார். 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் தோன்றின. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த 1966இல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கத் துணிந்தார். 1964-65இல் ஏறத்தாழ 120 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1969-70இல் 200 இலட்சம் டன்னை எட்டியது. 1998இல் பாரத ரத்னா விருது பெற்ற இவர், 2000 நவம்பர் 7ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

தொடக்கத்தில் ஏறத்தாழ 2.5 இலட்சம் ஏக்கருக்கு வகுக்கப்பட்ட பாசனப் பரப்பு, பின்னர் 4 இலட்சம் ஏக்கரைக் கடந்தது. நீரோ அவ்வாறு பெருகவில்லை. நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்தே நீர் விடப்படுகிறது. வெள்ளகோவில், காங்கேயம் கடைமடை உழவர் தம் பங்கிற்காகப் போராட நேர்ந்ததையும் நாம் கண்டோம். எனவே, அணை எழுப்புவதோடு அரசின் செலவு முடிந்துவிடுவதில்லை. வாய்க்காலைப் பேணவும், நீரை அளந்து நேர்மையாய்ப் பகிரவும் அது தொடர வேண்டும். பொதுக் கருவூலம் ஆள்வோரிடம் மக்கள் ஒப்படைத்த அமானிதம். கடைமடைக்கும் நீர் சேரும்போதே அந்த அமானிதம் நிறைவேறுகிறது. இவ்வுண்மையை நாளை பொறுப்பேற்கும் நம் மாணவச் செல்வங்கள் நெஞ்சில் நிறுத்துவார்களாக!