தறிக்கூடத்திற் பிறந்த நூல் நிலையம்

நூல் என்னும் ஒரு சொல்லே நம் தறியில் ஓடும் இழைக்கும், கற்றோர் கையிலிருக்கும் சுவடிக்கும் பெயராய் வழங்குகின்றது. வடமொழியிற் சூத்திரம் என்பதும் இவ்விரு பொருளும் உடையதே. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நூலியற்றும் புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணோடு ஒப்பிட்டிருத்தலைத் தமிழ் கற்றார் அறிவர். இவ்விருவகை நூலும் ஒரு தறிக்கூடத்தில் ஒருங்கிருந்த வரலாறொன்று ஸ்காட்லாந்து தேசத்தில் உண்டு. அது ஆண்ட்ரு கார்னகி என்பாரின் சரித்திரம். உலகப் பெருஞ் செல்வருள் ஒருவராக அவரை அறிந்தோர் பலர். நெசவாளர் மகனாக அறிந்தோர் சிலர். நெசவையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நம்மவர் அப்பகுதியையே முதலில் அறிதல் தகும்.

டன்பர்ம்லின் என்பது ஸ்காட்லாந்தில் பூவேலைப்பாடமைந்த மேசை விரிப்புத் துணிகளுக்குப் பேர்போன ஊர். அவ்வூரில் 1835-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் நாள் கார்னகி பிறந்தார். தந்தையார் வில்லியம் கைத்தறி நெய்பவர். வீட்டின் கீழே தறி, மேலே குடியிருப்பு. நம் ஊர்த் தெருக்களில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வூர் நெசவாளர் சிலர் ஒன்று கூடித் தத்தம் வீட்டிலிருந்த சில புத்தகங்களை ஓரிடத்திற் சேர்த்து, ஒருவர்க்கொருவர் இரவல் கொடுத்துப் படித்து வரலாயினர். ஊரின் முதல் நூல் நிலையம் அதுவே. வில்லியம் கார்னகியும் அதனைத் தொடங்கினோருள் ஒருவர். அந்நிலையம் இடத்துக்கிடம் பலமுறை பெயர்ந்தது. முதன்முறை தறிக்கூடத்தினின்றும் வேறிடத்திற்கு மாற்றியபோது, வண்டி வைக்கப் பொருளின்றி, தாங்கள் முன்புறம் கட்டியிருந்த வேலைத்துணியிலும், அடுப்புக்கரி சுமக்கும் தொட்டி இரண்டிலும் அப்புத்தகங்களை அவர்கள் சுமந்து சென்றனர். இரண்டு கரித்தொட்டியும் சில மடித்துணியும் கொள்ளுமளவே அவர்தம் கல்விச் செல்வம்! ஆயினும் அது எவரும் ஈந்ததன்று, தாமே கூட்டியது.

நீராவித் தறி வந்தது, கைத்தறி வீழ்ந்தது. நம் ஊர்களில் விசைத்தறி புகுந்தபோது நேர்ந்ததும் இதுவே. வில்லியத்திற்கு நெய்யப் பாவு கிடைக்கவில்லை. தாயார் மார்கரெட் சிறு கடை வைத்தும், செருப்புத் தைத்தும் குடும்பத்தைத் தாங்கினார். 1848-ல் தறியை விற்ற பணம் போதாமல், தோழி ஒருத்தியிடம் 20 பவுன் கடன் வாங்கி அக்குடும்பம் கப்பலேறி அமெரிக்காவின் அலகெனி நகரை அடைந்தது. பள்ளிப் படிப்பு ஏறக்குறைய ஐந்தாண்டோடு நின்றது. பதின்மூன்று வயதுச் சிறுவன் பஞ்சாலையில் நூற்குச்சி மாற்றும் வேலையிற் புகுந்தான். வாரக் கூலி ஒரு டாலர் 20 சென்ட். விடியுமுன் புகுந்து இருட்டிய பின் வெளிவரும் வேலை. பின்னர்த் தந்தி நிலையத்தில் செய்தி கொண்டு செல்லும் பையனாக அமர்ந்தான்.

அந்நகரில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கர்னல் ஒருவர் இருந்தார். அவரிடம் ஏறக்குறைய 400 புத்தகங்கள் இருந்தன. உழைக்கும் சிறுவர்க்கென அவற்றைத் திறந்துவிட்டு, சனிக்கிழமை தோறும் தாமே முன்னிருந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பார். அடுத்த சனிக்கிழமை அதனைத் திருப்பி வேறொன்று பெறலாம். செல்வர் வீட்டு நூல்கள் கண்ணாடிப் பேழையுள் அழகு காட்டுவதே எங்கும் இயல்பாயிருக்க, இவர் செய்தது பெருங் கொடையே. சரித்திரங்களும் கட்டுரைகளும் கார்னகிக்கு இவ்வழியே கிட்டின. வேலையின் இடைவேளைகளில் அவற்றைப் படிப்பார். சனிக்கிழமையை எதிர்நோக்கியே வாரம் கழியும்.

சில காலத்திற்குப் பின் அந்நூல் நிலையம் விரிவாக்கப்பட்டது. அப்போது, கைத்தொழில் பயில்வோர்க்கு மட்டுமே இலவசம். ஏனையோர் ஆண்டுக்கு 2 டாலர் தரல் வேண்டும் என்று விதி வகுத்தனர். தந்திப் பையன் தொழில் பயில்வோனல்லன் என்பது அவர் கருத்து. கார்னகி வாளாவிருந்தாரல்லர். 1853-ல், உழைக்கும் சிறுவன் என்று மட்டும் கையொப்பமிட்டு, ஊர்ப் பத்திரிகைக்கு மறுப்பெழுதினார். நிலையத்தார் விடையிறுத்தனர், இவர் மீண்டும் எழுதினார், விதி தளர்ந்தது. படிக்கும் உரிமையைப் பதினேழு வயதில் வாதிட்டுப் பெற்ற இதனையே அவர் வாழ்வின் தலைசிறந்த செயலென்பேன். பின்னர் ஈட்டிய கோடிகளை அடுத்தபடியாகவே வைக்கலாம்.

அக்கோடிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். இரயில்வேயிற் பணி, பங்குகள், இரும்பு, பின்னர் எஃகு. 1875-ல் பிராடக் என்னுமிடத்தில் அவரது பெரும் எஃகு ஆலை தொடங்கியது. 1901-ல் தம் தொழில் முழுவதையும் 48 கோடி டாலருக்கு விற்றார். செல்வத்தைச் சேர்த்து வைத்தே மடிதல் இழிவென்னும் கொள்கையை 1889-லேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார்.

அவர் முதலில் எழுப்பிய நூல் நிலையம் பிறந்த ஊரிலேயே. 1881-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர், செருப்புத் தைத்துக் காத்த அதே தாயார். 1883-ல் அது திறக்கப்பட்டது. அதன்பின் அவர் பொருளால் உலகெங்கும் எழுந்த நூல் நிலையங்கள் 2,509. அவற்றுள் அமெரிக்காவில் மட்டும் 1,679. கட்டடத்திற்கே அவர் பொருள் தருவார். இடம் ஊராரது, கட்டடச் செலவில் நூற்றுக்குப் பத்து வீதம் ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவதாக ஊராட்சி உறுதி கூறல் வேண்டும். ஊராரின் கூட்டுப்பொறுப்பை அவர் விடவில்லை என்பது காண்க. சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டு அரங்கநாதனார் முயற்சியால் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியும் விதித்தது இக்கருத்தையே தழுவியதாம். திறப்பு விழாவன்று மாலையும் மேளமுமாய்த் தொடங்கி, ஓராண்டிற் பூட்டுத் துருவேறிய படிப்பகங்களைப் பார்த்திருக்கும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

இத்துணைப் புகழ்ந்தபின் மறைத்தற்கொண்ணாத செய்தி ஒன்றுண்டு. 1892-ல் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரிலிருந்த அவரது ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளருக்கும் நிர்வாகத்திற்கும் பூசல் மூண்டது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்திலிருந்தார்; பொறுப்பிலிருந்தவர் பிரிக் என்பவர். ஆயினும் சங்கத்தை ஒழிக்கும் எண்ணத்திற்குக் கார்னகியின் இசைவும் இருந்தது. ஜூலை 6-ஆம் நாள், ஆலை அமர்த்திய கூலிக் காவலருக்கும் தொழிலாளருக்கும் ஆற்றங்கரையில் சண்டை நடந்து, இருதிறத்தும் உயிர்கள் பல மாய்ந்தன. தொழிலாளர் தோற்றனர். நாளொன்றுக்குப் 12 மணி நேர வேலை நிலைத்தது. ஆறாண்டு கழித்து, 1898-ல், அதே ஊரில் அழகிய நூல் நிலையமொன்று கார்னகியால் திறக்கப்பட்டது. உலைக்கு முன் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் எப்போது படிப்பான்? கூலியைக் கொடுத்திருந்தால் புத்தகத்தை நாங்களே வாங்கியிருப்போம் என்று தொழிலாளர் முணுமுணுத்ததில் நியாயமுண்டு. சனிக்கிழமையை எதிர்நோக்கியிருந்த பையன் பிறருக்கு அச்சனிக்கிழமையைத் தர மறந்தது என்னே! கொடையின் பெருமையால் இக்குறை மறையாது. இக்குறையால் கொடை பொய்யாகியும் விடாது.

1904-ல் அவர் அலகெனி நூல் நிலையத்தின் முன், கர்னல் ஆண்டர்சனுக்கு நினைவுச் சின்னம் நிறுவினார். அதில் உழைப்பாளி ஒருவன் பட்டடைமேல் அமர்ந்து, மடியில் விரித்த புத்தகத்தைப் படிப்பதாகச் சிலை அமைந்துள்ளது. 1919 ஆகஸ்டு 11-ஆம் நாள் கார்னகி காலமானார்.

அவர் அமெரிக்காவில் எழுப்பிய முதல் நூல் நிலையம் 1889-ல் பிராடக்கில் திறக்கப்பட்டது. ஆலையிலிருந்து கரியும் வியர்வையுமாய் வருவோர் குளித்துவிட்டுப் படிக்கும்படி அதன் கீழ்த்தளத்தில் குளியலறைகள் அமைத்திருந்தனர். எஃகுத் தொழில் நலிந்து ஊர் வறுமையுற்ற காலத்தில், 1974-ல் அது மூடப்பட்டது; இடித்துவிடவும் எண்ணினர். செல்வர் எவரும் வரவில்லை. ஊராரே முன்னின்று அதனைக் காத்து, 1983-ல் மீண்டும் கதவைத் திறந்தனர்.