ஒரே விதி, இரண்டு கணக்கு: கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி

மடுல்சீமையில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். சி மொழி தெரிந்த பிள்ளைகளுக்குக்கூட அதன் பூட்டனைத் தெரிவதில்லை. சிபிஎல் என்ற மொழியிலிருந்து பிசிபிஎல் வந்தது, அதிலிருந்து பி, அதிலிருந்து சி. சிபிஎல்லை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. ஆனால் அவரை நான் நினைப்பதற்குக் காரணம் அதுவல்ல.

1916 நவம்பர் 16 அன்று லண்டனில் பிறந்தார். எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி அவருடைய சித்தப்பா. 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ஃப், இங்கிருந்து அந்த லிட்டனுக்குத்தான் கடிதங்களை எழுதித் தள்ளினார். பாட்டனார் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி, 1878இல் அமைக்கப்பட்ட இந்தியப் பஞ்ச ஆணைக்குழுவின் தலைவர். அதற்குச் சற்று முன்னர் சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தில் உயிர் தப்பி, இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள் ஏராளம். எங்கள் மலையகத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இப்படியொரு விசித்திரமான தொடர்பு.

பேரன் படிப்பில் பிரகாசிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் மூன்றாம் ஆண்டில் மனநலம் குலைந்தது. இரண்டாம் வகுப்பில்தான் தேறினார். போருக்குப் பிறகு பாடசாலை ஆசிரியரானார். ஹரோவில் கற்பித்தபோது, 1951இல், ஓய்வு நேரத்தில் கணினியை டாம் விளையாட வைக்க முயன்றார். அலன் டியூரிங்கின் கையேட்டைப் படித்து மான்செஸ்டர் கணினிக்கு அவர் எழுதிய நீண்ட நிரல், ஓடி முடிந்ததும் இங்கிலாந்தின் தேசிய கீதத்தை இசைத்ததாம். அடுத்த ஆண்டே ஆசிரியர் வேலையை விட்டார்.

அக்காலத்தில் கணினி மொழிகள் பெருகின. 1960இல் வந்த அல்கோல் 60 அறிக்கை, ஒரு வாக்கியத்தை எப்படி எழுத வேண்டும் என்பதைத் துல்லியமான இலக்கண விதிகளாகத் தந்தது. அந்த வாக்கியம் என்ன செய்யும் என்பதை மட்டும் ஆங்கில உரைநடையில் விட்டுவிட்டது. சில இடங்களில் எதை முதலில் கணக்கிடுவது என்பதே தெளிவில்லை. ஆகவே ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இரண்டு விடை தரலாம்.

இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கப் புத்தகம் தேவையில்லை. 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், ஈரத்துக்கும் சாக்குக்கும் 2 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்மா 19 கிலோ கொண்டு வருகிறார். நிறுத்தவுடன் பேரைப் போட்டுவிட்டுப் பிறகு கழித்தால் முழுப் பேர். முதலில் கழித்தால் 17, அரைப் பேர். இரண்டு கணக்கப்பிள்ளைகளும் விதிப்படிதான் செய்தேன் என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை. வரிசையை எழுதாத விதி அது. என் தாயாருக்கு இப்படி எத்தனை அரைப் பேர் விழுந்தன என்று எந்தச் செக்ரோலும் சொல்லாது.

மொழியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணிதப் பொருளை அர்த்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது ஸ்ட்ரேச்சியின் வழி. ஒரு கட்டளை என்பது, நினைவகத்தின் ஒரு நிலையை வாங்கி அடுத்த நிலையைத் தரும் சார்பு. இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து வந்தால், முதல் சார்பின் விடை இரண்டாவதற்குள் போகும். வரிசை அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. வாசிப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லை. 1965இல் ஒக்ஸ்போர்டில் நிரலாக்க ஆய்வுக் குழுவைத் தொடங்கி இதிலேயே மூழ்கினார்.

சிக்கல் ஒன்று இருந்தது. தன்னையே திரும்ப அழைக்கும் நிரல்களுக்கு அர்த்தம் தர, அவர் லாம்டா கணிதத்தின் ஒரு வித்தையைப் பயன்படுத்தினார். அதற்குக் கணித அடித்தளம் உண்டா என்று அவருக்கே நிச்சயமில்லை. 1969 இலையுதிர் காலத்தில் ஒக்ஸ்போர்டுக்கு வந்த தர்க்கவியலாளர் டேனா ஸ்கொட், அதைக் கைவிடும்படி வாதாடினார். சில வாரங்களில், நவம்பரில், அந்த அடித்தளத்தைக் கண்டுபிடித்தவரும் அதே ஸ்கொட்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உள்ளுணர்வுள்ள பழைய வாத்தியாரும் பிடிவாதமான கணிதக்காரரும் சேர்ந்து 1971இல் அதை வெளியிட்டார்கள்.

காகிதத்தில் இருந்த அர்த்தத்தைக் கணினியிலேயே ஓட வைத்தவர் ஸ்ட்ரேச்சியின் மாணவர் பீட்டர் மொசஸ். முதலில் அல்கோல் 60இன் அர்த்தம் முழுவதையும் இந்த முறையில் எழுதினார். பிறகு, மொழியின் வரையறையைக் கொடுத்தால் அதை வைத்தே நிரல்களை இயக்கிக் காட்டும் அமைப்பை உருவாக்கினார். வரையறை தவறென்றால் அதை ஓட்டிப் பார்த்தே பிடித்துவிடலாம். அவருடைய ஆய்வேடு 1975இல் வந்தது.

அந்த ஆண்டு மே 18 அன்று, ஈரல் அழற்சியால் ஸ்ட்ரேச்சி இறந்துபோனார். வயது 58. ரொபர்ட் மில்னுடன் சேர்ந்து கேம்பிரிட்ஜின் அடம்ஸ் பரிசுக்கு எழுதிய பெரிய கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. மில்ன் அதை வளர்த்து அடுத்த ஆண்டு நூலாக்கினார். 1967இல் கோபன்ஹேகனில் ஸ்ட்ரேச்சி நடத்திய விரிவுரைகளின் குறிப்புகள் கைக்குக் கை பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அச்சில் வந்தது 2000ஆம் ஆண்டில்.