திட்பமும் தூய்மையும்

நுழையும்முன்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கம் இயங்கிய காலத்தில், தொழிலாளர்கள் இரும்புக் கூண்டில் ஏறி நிலத்தின் ஆழத்திற்கு இறங்கினர். கூண்டைத் தாங்கும் கம்பிவடத்தை மேலேயிருந்து இயக்கியவரை உள்ளே நின்றவர்கள் காண இயலாது. ஆயினும், அவர் முறை தவறமாட்டார் என்னும் நம்பிக்கையோடு அவர்கள் கூண்டினுள் அடியெடுத்து வைத்தனர். உயிருக்கு அச்சமுள்ள செயல் எதுவாயினும் அது இத்தகைய நம்பிக்கையின்மீதே நிற்கிறது. கார்ப் பந்தயமும் அவ்வாறானதே. அந்த நம்பிக்கையை ஒருநாள் தாமே உடைத்த மாபெரும் பந்தய வீரர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பயிற்சியும்

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அயர்டன் சென்னா பிறந்தார். அவர்தம் தந்தையார் மில்டன் வசதி படைத்த தொழிலதிபர். மகனுக்கு நான்கு வயதானபோது, புல் வெட்டும் பொறியின் எஞ்சினைப் பொருத்திச் சிறிய வண்டி ஒன்றைத் தந்தையார் செய்து கொடுத்தார். அவ்வண்டியே சென்னாவின் முதல் பள்ளியாயிற்று. பதின்மூன்றாம் வயதில் அவர் போட்டிகளில் கலந்துகொள்ளத் தொடங்கினார்.

இளமையில் மழையின்போது நடைபெற்ற பந்தயம் ஒன்றில் சென்னா பின்தங்கினார். அத்தோல்வி அவர் நெஞ்சை உறுத்தியது. அதன்பின், மழை பெய்யும்போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு தடத்திற்குச் சென்று பயிற்சி செய்தார். ஏனையோர் அஞ்சி ஒதுங்கிய ஈரத்தடம் அவருக்குப் பழகிய முற்றமாக மாறியது.

1981ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்றார். 1983ஆம் ஆண்டில் பிரிட்டன் ஃபார்முலா மூன்று பந்தயத் தொடரின் வாகையர் ஆனார். மறு ஆண்டே ஃபார்முலா ஒன்று என்னும் உலகின் முதன்மையான பந்தயத்தில் நுழைந்தார். அவ்வாண்டு மொனாக்கோவில் கொட்டும் மழையில் பதின்மூன்றாம் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாம் இடத்தைப் பிடித்தார். மழையின் கடுமையால் அப்பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது. முதலிடம் பெற்றவர் பிரான்சு நாட்டு வீரர் அலென் புரோஸ்ட். பின்னாளில் சென்னாவின் பெரும்போட்டியாளராக விளங்கியவர் இவரே.

நாட்டின் நாயகன்

1985ஆம் ஆண்டு போர்ச்சுகலில், மீண்டும் மழையிலேயே, சென்னா முதல் வெற்றியைப் பெற்றார். 1986ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் பிரேசில் பிரான்சிடம் தோற்றது. அதற்கு மறுநாள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வென்ற சென்னா, பிரேசில் கொடியைக் கையில் ஏந்திக் காரில் வலம் வந்தார். விலைவாசி உயர்வாலும் அரசியல் குழப்பத்தாலும் வாடிய மக்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏந்திய கொடி ஆறுதலாயிற்று. அவரை வெறும் விளையாட்டு வீரராக அன்றித் தம் வீட்டுப் பிள்ளையாகவே அவர்கள் கருதினர்.

1988ஆம் ஆண்டு அவர் மெக்லாரன் அணியில் புரோஸ்ட்டுடன் இணைந்தார். அவ்வாண்டில் நடந்த 16 பந்தயங்களில் 15இல் அவ்வணியே வென்றது. சென்னா எட்டு வெற்றிகளோடு முதன்முறையாக உலக வாகையர் ஆனார்.

பகை முளைத்த வரலாறு

ஒரே அணியில் இருந்த இருவருக்கும் இடையே பிணக்கு தோன்றியது. 1988ஆம் ஆண்டு போர்ச்சுகல் பந்தயத்தில், தம்மை முந்த முயன்ற புரோஸ்ட்டின் காரைச் சென்னா சுவரோரமாக நெருக்கினார். மறு ஆண்டு இமோலா பந்தயத்தில், தொடக்கத்தில் ஒருவரையொருவர் முந்துவதில்லை என்று இருவரும் செய்துகொண்ட உடன்பாட்டைச் சென்னா மீறிவிட்டார் என்று புரோஸ்ட் கருதினார். உடன்பாட்டிற்குச் சென்னா வேறு பொருள் கூறினார். அதன்பின் இருவருக்கும் இடையே பேச்சு அற்றது.

1989ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஜப்பானின் சுசூகா தடத்தில் பட்டத்தை முடிவுசெய்யும் பந்தயம் நடைபெற்றது. முந்த முயன்ற சென்னாவின் காரும் புரோஸ்ட்டின் காரும் வளைவொன்றில் மோதிக்கொண்டன. புரோஸ்ட் விலகினார். சென்னாவோ காரைச் செப்பனிட்டுக்கொண்டு ஓட்டி முதலாவதாக வந்தார். ஆனால், தடத்திற்குள் முறைப்படி திரும்பவில்லை என்று கூறி அலுவலர்கள் அவர் வெற்றியை நீக்கினர். பட்டம் புரோஸ்ட்டுக்குச் சென்றது. சென்னாவுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்னும் எண்ணம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

சுசூகாவில் ஒரு வளைவு

1990ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அதே சுசூகாவில் இருவரும் மீண்டும் எதிர்கொண்டனர். புரோஸ்ட் அப்போது ஃபெராரி அணிக்கு மாறியிருந்தார். புள்ளிகளில் சென்னா முன்னிலையில் இருந்தார். ஆதலால், புரோஸ்ட் புள்ளி பெறாமல் விலகினால் பட்டம் சென்னாவுக்கே உரியதாகும் நிலை.

தகுதிச் சுற்றில் சென்னா முதலிடம் பெற்றார். ஆனால், முதலிடத்தார் நிற்க வேண்டிய பகுதி புழுதி படிந்திருந்தது. சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறைந்த அவ்விடத்தை மாற்றித் தருமாறு அவர் வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. பழைய காயத்தோடு புதிய சினமும் சேர்ந்தது.

பந்தயம் தொடங்கியதும் புரோஸ்ட்டின் கார் முந்தியது. முதல் வளைவு நெருங்கியது. புரோஸ்ட் வளைவுக்குள் திரும்பினார். சென்னா வேகத்தைத் தணிக்கவில்லை, வழிவிடவும் இல்லை. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இரு கார்களும் மோதிச் சரளைக்கற்கள் நிறைந்த பகுதிக்குள் பாய்ந்தன. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் சீறி வந்துகொண்டிருந்தன. நற்பேறாக எவருக்கும் காயமில்லை. ஒரு சுற்றுக்கூட முடியுமுன் உலகப் பட்டம் முடிவாகிவிட்டது. சென்னா இரண்டாம் முறையாக உலக வாகையர் ஆனார்.

புகழில் விழுந்த கறை

பட்டம் அவர் கையில் இருந்தது. பாராட்டு மட்டும் இரண்டாகப் பிளந்தது. பிரேசில் மக்கள் மகிழ்ந்தனர். முந்திய ஆண்டு இழைக்கப்பட்ட அநீதிக்கு இது ஈடு என்று அன்பர்கள் வாதிட்டனர். ஆனால், விளையாட்டின் அறத்தை மதித்த பலர் மனம் வருந்தினர். மூன்று முறை உலக வாகையரான ஸ்காட்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட், சென்னாவின் மோதல்கள் குறித்து நேர்காணல் ஒன்றில் நேரடியாகவே வினவினார். சென்னா சினந்து தம் செயலுக்கு நியாயம் கூறினார்.

ஓராண்டு கழிந்தது. 1991ஆம் ஆண்டு அதே சுசூகாவில் மூன்றாம் பட்டத்தை உறுதிசெய்தபின், முந்திய ஆண்டு மோதல் தம் மனமறிந்து நிகழ்ந்ததே என்று செய்தியாளர்களிடம் சென்னா ஒப்புக்கொண்டார். உண்மையை மறைக்காமல் உரைத்தமைக்காகச் சிலர் அவரை மதித்தனர். ஐயமாக இருந்த குற்றம் உறுதியாயிற்று என்று வேறு சிலர் வருந்தினர். மழையில் அவர் காட்டிய திறனைப் போற்றிப் பேசுவோரும் அந்த வளைவைச் சொல்லாமல் விட இயலாத நிலை ஏற்பட்டது.

மாற்றத்தின் தடங்கள்

கறையைத் துடைக்க மேலும் சில வெற்றிகள் போதவில்லை. வேறுவகைச் செயல்களே உதவின. 1992ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்த பயிற்சியில் எரிக் கோமா என்னும் வீரரின் கார் மோதி நடுத்தடத்தில் நின்றது. அவர் நினைவிழந்திருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சென்னா தம் காரை நிறுத்தினார். ஏனைய கார்கள் விரைந்துவந்த தடத்தில் இறங்கி ஓடினார். தீப்பற்றும் முன் எஞ்சினை நிறுத்தினார்.

எனினும் அவர் சினம் முற்றிலும் தணிந்துவிடவில்லை. 1993ஆம் ஆண்டு ஜப்பான் பந்தயத்திற்குப்பின், இளம் வீரர் எடி இர்வைனை அவர் கையால் தாக்கினார். அதற்கு அடுத்த பந்தயம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடைபெற்றது. அதுவே புரோஸ்ட் ஓய்வு பெறுமுன் ஓட்டிய இறுதிப் பந்தயம். வென்ற சென்னா, இரண்டாம் இடம் பெற்ற புரோஸ்ட்டை மேடையின் உச்சிப்படிக்கு இழுத்துத் தம்மருகே நிறுத்திக்கொண்டார்.

இறுதி

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இமோலாவில் ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் தகுதிச் சுற்றில் உயிரிழந்தார். மறுநாள் காலை, வீரர்களின் பாதுகாப்புக்காகக் குரல்கொடுக்கும் சங்கத்தை மீண்டும் அமைப்பது பற்றிச் சென்னா பிற வீரர்களுடன் பேசினார். அன்று பிற்பகல், பந்தயத்தின் ஏழாம் சுற்றில், அவரது கார் சுவரில் மோதியது. முப்பத்துநான்கு வயதில் அவர் மறைந்தார். அவர் காரினுள் ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது. வென்றால், இறந்த வீரரின் நினைவாக அதை ஏந்திவர அவர் எண்ணியிருந்தார்.

பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சாவோ பாலோவின் தெருக்களில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். அவரது உடலைச் சுமந்தவர்களுள் புரோஸ்ட்டும் ஒருவர். அவ்வாண்டிலேயே சென்னாவின் தமக்கை விவியானி, ஏழைச் சிறுவர்களின் கல்விக்காக அவர் பெயரில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார்.

திருக்குறளில் வினைத்தூய்மை என்னும் அதிகாரம் 66ஆவது. வினைத்திட்பம் அதற்கு அடுத்தது. செயலில் உறுதி வேண்டும். அதற்குமுன் தூய்மை வேண்டும் என்று இவ்வரிசையிலிருந்து கொள்ளலாம். சென்னாவிடம் திட்பத்திற்குக் குறைவில்லை. ஒரு வளைவில் தூய்மை பின்தங்கியது. 41 வெற்றிகளும் மூன்று பட்டங்களும் பெற்றவரின் வரலாற்றில் அந்த ஒரு வளைவு இன்றும் அழியாமல் நிற்கிறது. அதே வரலாற்றில், எரிக் கோமாவை நோக்கி அவர் ஓடிய ஓட்டமும் நிற்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. மழை சென்னாவின் வாழ்வில் பெற்ற இடத்தை விளக்குக.
2. 1989ஆம் ஆண்டு நிகழ்வு 1990ஆம் ஆண்டுச் செயலுக்குக் காரணம் ஆகலாம், நியாயம் ஆகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. சென்னா தம் தவற்றை ஒப்புக்கொண்டது அவர் புகழைக் கூட்டியதா, குறைத்ததா? இரு பக்கமும் ஆராய்ந்து எழுதுக.
4. பிறர்மீது நம்பிக்கை வைத்தே செய்ய வேண்டிய தொழில்கள் மூன்றினை உம் ஊரிலிருந்து எடுத்துக்காட்டுக.