காத்திருக்கத் தெரிந்த குதிரைப் பயிற்சியாளர்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்கு வடக்கே, கில்சாலகன் என்னும் சிற்றூரை ஒட்டியது கிரீனோக் பண்ணை. மேய்ச்சல் நிலமும் மாடுகளும் சில குதிரைக் கொட்டில்களும் கொண்ட அந்தப் பண்ணையின் உரிமையாளர் டாம் டிரீப்பர். 1898-இல் பிறந்த அவர் முதலில் விவசாயி. பிறகுதான் குதிரைப் பயிற்சியாளர். பந்தய உலகம் அவரைக் கொண்டாடிய நாள்களிலும் மாட்டுச் சந்தை நிலவரத்தில் அவருக்கு அக்கறை குறையவில்லை.

நாம் அறிந்த குதிரைப் பந்தயம் சமதளத்தில் நடப்பது. அயர்லாந்து, இங்கிலாந்து நாட்டுப்புற மக்களின் உள்ளம் கவர்ந்ததோ வேலி தாண்டும் ஓட்டம். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு, முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு, மனிதனின் நெஞ்சளவு உயர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட வேலிகளைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். சமதளக் குதிரை இரண்டு வயதிலேயே களம் காணும். வேலி தாண்டும் குதிரையின் எலும்பும் தசைநாரும் முதிர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை பொறுத்திருப்பவர் சிலரே. பொருள் போட்ட உரிமையாளர் அவசரப்படுவார். பந்தய நாளும் நெருக்கும். டிரீப்பர் இதற்கு இசைந்து கொடுக்காதவர் என்று பெயர் பெற்றார். காலையில் குதிரைகளை ஓட்டிக் களைப்படையச் செய்வது அவர் வழக்கமன்று. வளரும் குதிரைக்குப் புல்வெளியும் காலமும் தேவை என்பதை மாடு வளர்த்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

காத்திருப்பின் கசப்பையும் அவர் அறிவார். அவருடைய முதல் பெருங்குதிரை பிரின்ஸ் ரீஜன்ட், 1942-இல் ஐரிஷ் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. உலகப் போர் மூண்டிருந்ததால் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போக வழியில்லை. 1946-இல் செல்ட்டனம் கோல்டு கப்பை வென்றபோது அதற்கு வயது 11. நல்ல ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது.

1960-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி ஆன், டப்ளின் ஏலத்தில் 1,150 கினி கொடுத்து மூன்று வயதுக் குதிரை ஒன்றை வாங்கினார். ஸ்காட்லாந்து மலை ஒன்றின் பெயரால் அதற்கு ஆர்க்கிள் என்று பெயரிட்டு, பின்னர் டிரீப்பரிடம் ஒப்படைத்தார். பின்னங்கால்களை அகட்டி வைத்து நடக்கும் அதன் நடை கேலிக்கு ஆளானது. 1962 ஜனவரியில் நாவன் களத்தில் ஆர்க்கிள் முதல் வெற்றி கண்டபோது, கிரீனோக்கின் நம்பிக்கை அதே பந்தயத்தில் ஓடிய கெர்ஃபோரோ என்னும் மற்றொரு குதிரை மீதே இருந்தது. தலைமைச் சவாரி வீரர் பாட் டாஃப் அமர்ந்திருந்ததும் கெர்ஃபோரோ மீதுதான்!

அடுத்து நடந்ததைப் பந்தய வரலாறு மறக்கவில்லை. 1964, 1965, 1966 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆர்க்கிள் கோல்டு கப்பை வென்றது. முதல் ஆண்டில், வெல்ல முடியாதது என்று இங்கிலாந்து நம்பிய மில் ஹவுஸ் ஐந்து குதிரை நீளம் பின்தங்கியது. மூன்றாம் ஆண்டில் வெற்றி இடைவெளி முப்பது குதிரை நீளம். வல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிப் போட்டியைச் சமன் செய்யும் பந்தயங்கள் உண்டு. அவற்றுக்காக ஐரிஷ் பந்தய அதிகாரிகள், ஆர்க்கிள் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் ஒன்று என இரண்டு எடைப் பட்டியல்கள் வகுக்க நேர்ந்தது. ஒரே ஒரு குதிரைக்காக விதியைத் திருத்துவதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்க முடியும்?

ஆயினும் டிரீப்பரின் திறமைக்குச் சரியான சான்று ஆர்க்கிள் அன்று என்பது என் கருத்து. அத்தகைய குதிரை யார் கையிலும் வென்றிருக்கும் என்று வாதிட இடமுண்டு. 1960 முதல் 1966 வரை ஏழு ஆண்டுகள் ஐரிஷ் கிராண்ட் நேஷனலை இடைவிடாமல் வென்றது கிரீனோக் கொட்டில். ஏழு முறையும் வெவ்வேறு குதிரைகள். அதற்கு யாரும் எளிதில் மறுப்புச் சொல்ல முடியாது.

அவரும் தம் வழியிலிருந்து விலகியதுண்டு. ஆர்க்கிளுக்கு அடுத்த மதிப்பீடு பெற்ற ஃபிளையிங்போல்ட் கிரீனோக்கிலேயே இருந்தது. 1966 மார்ச்சில் செல்ட்டனமில் இரண்டு மைல் வாகையர் ஓட்டத்தை வென்ற அது, மறுநாளே தாழ்தடை வாகையர் ஓட்டத்தில் இறக்கப்பட்டு மூன்றாவதாக வந்தது. சில வாரங்களில் பெரும் எடையைச் சுமந்து ஐரிஷ் கிராண்ட் நேஷனலையும் வென்றது. பிறகு புரூசெல்லா நோய் தாக்கிய அந்தக் குதிரை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. நோய்க்கு அந்த ஓட்டங்களைக் காரணமாகச் சொல்ல முடியாது. எனினும், பொறுமைக்குப் பெயர் பெற்றவர் அந்த வசந்தத்தில் மட்டும் ஏன் அவ்வளவு கேட்டார் என்ற கேள்வி எழாமல் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 27. கெம்ப்டன் களத்தில் ஓடும்போதே ஆர்க்கிளின் முன்னங்கால் குளம்பெலும்பு முறிந்தது. முறிந்த காலோடு எஞ்சிய வேலிகளையும் தாண்டி, ஒரு குதிரை நீளத்தில் தோற்று, இரண்டாவதாக வந்தது. காலுக்குக் கட்டுப் போடப்பட்டு வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. எலும்பு கூடியபின் மீண்டும் கிரீனோக்கில் மெல்லப் பயிற்சி தொடங்கியது. நாடே எதிர்பார்த்திருந்தது. 1968-இல் ஓய்வு அறிவிக்கப்பட்டது. ஆர்க்கிள் மீண்டும் களம் இறங்கவில்லை. ஒரு முறை ஓடவிட்டிருந்தால் திரண்டிருக்கக்கூடிய கூட்டத்தை எண்ணிப் பார்த்தால், அந்த முடிவின் கனம் புரியும்.

லிவர்பூலின் கிராண்ட் நேஷனல் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. 1971-இல் அவருடைய பிளாக் சீக்ரெட் கழுத்தளவு தூரத்தில் அதைத் தவறவிட்டது. அதில் சவாரி செய்தவர் அவருடைய மகன் ஜிம். மறு ஆண்டு கொட்டிலை அந்த மகனிடமே ஒப்படைத்தார் டிரீப்பர். 1975 மார்ச்சில் ஜிம் பயிற்றுவித்த டென் அப், ஆர்க்கிள் ஓடிய அதே சீமாட்டியின் மஞ்சள், கறுப்பு நிறங்களில் கோல்டு கப்பை வென்றது. அந்த வெற்றியைக் கண்ட டாம் டிரீப்பர் அதே ஆண்டில் மறைந்தார்.